மூன்றாம் இடத்துத் தண்ணீர்

ஜனவரி 5, திங்கள்

ஜெசிந்தா மேடம் தன் புத்தாண்டுத் தீர்மானத்தை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். "ப்ராஜெக்ட் பண்றவங்க தினம் என்ன பண்ணீங்கன்னு எழுதி வைக்கணும். ரிசல்ட் கோணலா வந்தா திரும்பிப் பார்க்கணும்ல?" லேபில் எழுதுவது இங்கிலீஷில், மேடத்துக்காக. இது தமிழில், எனக்காக. இங்கேயாவது மனசு விட்டுத் திட்டலாம்.

என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் எங்கள் ஊர்க் கல்குவாரிக் குட்டை. பெரம்பலூர் பக்கம் கல் வெட்டி முடித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று குட்டையாகிவிட்டது. அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று வலை போடாமல், தண்ணீரை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். மீனோ தவளையோ தண்ணீருக்குள் இருந்தால் செதில், சளி, தோல் என்று எதையாவது உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும். வடிகட்டி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, கம்பெனிக்கு அனுப்பினால் எழுத்து எழுத்தாகப் படித்துக் கொடுப்பார்கள். அந்த எழுத்துகளை இணையத்தில் பிளாஸ்ட் என்கிற தளத்தில் ஒட்டினால் இது இன்னாருடையது என்று அது சொல்லிவிடும்.

என் லேப் தோழி ரிஸ்வானா அதற்குக் கிளி ஜோசியம் என்று பெயர் வைத்திருக்கிறாள். மேடம் கொடுத்த இன்னும் சில தளங்களும் இருக்கின்றன. வேண்டிய டி.என்.ஏ. துண்டை மட்டும் தூண்டில் மாதிரி பிடிக்கிற ப்ரைமரை வடிவமைக்க ஒன்று, இரண்டு எழுத்து வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்று வைத்து ஒப்பிட ஒன்று. "எல்லாம் ஃப்ரீ. பாஸ்வேர்டு கூட வேணாம். நம்ம மாதிரி காலேஜுக்கு ஆண்டவர் குடுத்தது" என்றார் மேடம். லேபில் ஏ.சி. ஓடவில்லை, அதையும் ஆண்டவர்தான் பார்க்க வேண்டும்.

ஜனவரி 17, காணும் பொங்கல்

ஊரே குடும்பத்தோடு கிளம்பி அணைக்கட்டுக்குப் போகிறது. நானும் அண்ணனும் குவாரிக்குப் போனோம். பைக் அப்பாவுடையது, ஓட்டியது அண்ணன், வழி நெடுகப் புலம்பியதும் அவன்தான்.

மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். முதல் இடம் லாரி இறங்கிய சரிவு, ஆடுகள் தண்ணீர் குடிக்கிற இடம். இரண்டாவது தெற்குப் பாறையின் அடி. மூன்றாவது நடுவில், பழைய கிரேன் ஒன்று சாய்ந்து மூழ்கிக் கிடக்கிற இடம். அதன் இரும்புக் கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஆழம் யாருக்கும் தெரியாது. அந்தப் பள்ளத்துக்குள் காற்று இறங்குவதில்லை. தண்ணீர் பச்சையாக, ஆடாமல் கிடக்கிறது. பேசினால் நம் குரலே கொஞ்ச நேரம் கழித்து எதிர்ப் பாறையிலிருந்து வருகிறது.

நான் கயிறு எடுப்பதற்குள் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டான். பாட்டிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கிரேன் வரைக்கும் நீந்தி, நிரப்பிக்கொண்டு வந்தான். கையில் க்ளவுஸ் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன்.

"அறிவு இருக்கா உனக்கு? உன் டி.என்.ஏ. பூரா இதுல கலந்திருக்கும். சாம்பிளே நாசம்!"

"நாசமா? எவ்ளோ நல்ல டி.என்.ஏ. தெரியுமா. நீயும் நானும் ஒரே சரக்குதானடி."

"பாதிதான் ஒண்ணு. அம்மாகிட்டேர்ந்து மட்டும் வர்ற ஒரு துண்டுதான் அப்படியே ஒண்ணு."

"அப்ப அப்பாகிட்டேர்ந்து வர்ற திமிரு உனக்கு மட்டும் எப்படி முழுசா வந்துச்சு?"

பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். க்ளவுஸ் போட வேண்டும். பாட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்திய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளேயே மூட வேண்டும். ஒரு குமிழ்கூட உள்ளே நிற்கக் கூடாது. "ஆப்பரேசன் தோத்துச்சு போ" என்றான். மிச்சமிருந்த பாட்டில்களையும் க்ளவுஸ் டப்பாவையும் வீட்டிலேயே அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

முதல் ரிசல்ட் வந்தது! ஜிலேபி, கெளுத்தி, தவளை, நீர்க்காகம், ஆடு, எருமை, ஒரு நாய். யாரையும் கண்ணால் பார்க்காமல் எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வரிசையில் மனிதனும் கொஞ்சம் வந்திருந்தான், மூன்றாம் இடத்தில் மட்டும் சற்று அதிகமாக.

"மனுஷன் வந்தா அது கன்டாமினேஷன்மா. எடுத்தவங்க கை, எச்சில், தலைமுடி. அந்தத் தளத்துலயே ஒரு கட்டம் இருக்கு பாரு, மனிதரை நீக்குன்னு டிக் போட்டுடு. எல்லா லேப்லயும் அப்படித்தான்" என்றார் மேடம். போட்டேன். உடனே போய்விட்டான்.

ஆனால் மூன்றாம் இடத்துச் சாம்பிளை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார். அண்ணனின் புண்ணியம்.

பிப்ரவரி 6, வெள்ளி

அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன்: ஞாயிற்றுக்கிழமை குவாரிக்குப் போய் கிரேன் பக்கம் ஒரு பாட்டில் எடுத்துத் தா, எனக்கு ப்ராக்டிகல் இருக்கிறது என்று. குரல் பதிவாகப் பதில் வந்தது.

"ஏய் நெறை, நா ஞாயித்துக்கெழம ஓசூர் போறேன். மணிமாறன் கம்பெனில வேல சொல்லியிருக்கான். அப்பா உரக்கடைல உக்காருன்னு ஒரே சண்ட. ஆளாளுக்கு எனக்கு வேல வைக்கிறீங்க. உன் குட்டத் தண்ணிய நீயே மோந்துக்க."

ரொம்பத்தான். "போகும்போதே துரைக்குக் கொழுப்பைப் பாரு" என்று அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைத்தேன். மெஸ் சாம்பாரில் உப்பு இல்லை. அண்ணன் விடிகாலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டானாம். பைக்கை வைத்துவிட்டுப் போ என்று அப்பா சொன்னாராம், நடந்தே போனானாம். என்னிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. இருக்கட்டும்.

பிப்ரவரி 11, புதன்

அம்மா ஃபோன். "அவன்கிட்டேர்ந்து ஃபோன் வந்துச்சாடி? எனக்கு சுவிட்ச் ஆஃபுன்னே வருது." மணிமாறனைக் கேட்டால், இன்னும் வரவில்லையே, வேறு எங்காவது சேர்ந்திருப்பான் என்கிறானாம். பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "திமிரு எறங்கினா தானா வருவான், நீ வேலயப் பாரு."

நான் போட்ட மெசேஜுக்கும் ஒற்றை டிக்தான். புது சிம் வாங்கியிருப்பான். அவனுக்கு அது வழக்கம்தான்.

பிப்ரவரி 14, சனி

ரிஸ்வானாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய், ஒப்பிட இருக்கட்டும் என்று மூன்று இடங்களிலும் சாம்பிள் எடுத்தேன். அலமாரியில் பார்த்தால் ஒரு பாட்டிலைக் காணோம். க்ளவுஸ் டப்பாவும் திறந்து கிடந்தது. இது அப்பா வேலை. தலைக்கு டை அடிக்க என் க்ளவுஸைத்தான் எடுப்பார், கையும் களவுமாக ஒருமுறை பிடித்திருக்கிறேன். "நா எடுக்கவே இல்ல" என்று சத்தியம் பண்ணினார். அப்படியென்றால் தலை எப்படி இவ்வளவு கருப்பாக இருக்கிறது என்று கேட்டேன். ரிஸ்வானா சிரித்துக் காப்பியைக் கொட்டிவிட்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

குவாரியில் சரிவுப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் உட்கார்ந்திருந்தார். ஆடுகள் மேலேயே நின்றன.

"தண்ணி குடிக்க எறங்கலியா?" என்றேன்.

"ஒரு வாரமா எறங்க மாட்டேங்குதுங்க தாயி. அடிச்சு ஓட்டினாலும் மோந்து பாத்துட்டு ஏறிடுது. என்ன கண்டுச்சோ."

மூன்றாம் இடத்துக்கு இந்த முறை பாறை மேலிருந்து கயிற்றில் கட்டி பாட்டிலை வீசினோம். இழுக்கும்போது கயிறு எதிலோ மாட்டிக்கொண்டு, கொஞ்சம் நின்று, பிறகு தானாக விட்டது. ரிஸ்வானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "யாரோ பைய விட்டுட்டுப் போயிருக்காங்க, பாறைச் சந்துல. நீலப் பை. காவக் கொட்டகைல எடுத்து வச்சிருக்கேன். உங்களுதா தாயி?"

எங்களுடையது இல்லை என்று சொன்னேன். குடிக்க வருகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

மூன்றாம் இடத்தில் மீன் கொஞ்சம். தவளை கொஞ்சம். மற்றதெல்லாம் மனிதன். ஒட்டுகிற வரிசைக்கெல்லாம் கிளி அதே சீட்டைத்தான் எடுக்கிறது. இரண்டாம் இடத்தில் அதைவிடக் குறைவு. முதல் இடத்தில் இன்னும் குறைவு. நடுவிலிருந்து கரைக்கு வரவர மெல்லிசாகிறது.

மேடம் திட்டினார். "என்னம்மா, பாட்டிலுக்குள்ள எச்சில் துப்பினியா?" க்ளவுஸ், மாஸ்க், தலைக்குத் தொப்பி எல்லாம் போட்டிருந்தேன் என்றேன். வெறும் தண்ணீர் வைத்து ஓட்டிய குழாயில் ஒன்றுமே வரவில்லை, லேபில் கலந்திருந்தால் அதிலும் வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். "அப்ப குட்டையிலயே கை விட்டிருப்ப. யாருதுன்னு பார்த்துடுவோம், உன் கன்னத்துலேர்ந்து எடு" என்றார்.

பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்துக் கொடுத்தேன். ரிஸ்வானாவும் கொடுத்தாள். அம்மா வழியாக வருகிற டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரு பகுதி இருக்கிறது. அதைத்தான் படிக்கப் போகிறோம்.

மனிதரை நீக்கு என்று டிக் போட்டுப் பார்த்தேன். பட்டியல் அழகாக இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

ரிஸ்வானா தன் அத்தாவுடன் தனியாகப் போய்ச் சாம்பிள் எடுத்து வந்தாள். புது பாட்டில், புது கயிறு. நான் தொடவே இல்லை, லேபிலும் அவளே எல்லாம் செய்கிறாள். நான் ஹாஸ்டலில் படுத்துக் கிடந்தேன். தலைவலி.

அம்மா ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

ஒப்பிடுகிற தளத்தில் இரண்டு வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கும். எழுத்து ஒத்துப்போகிற இடத்திலெல்லாம் கீழே ஒரு நட்சத்திரம் போடும். ஒத்துப்போகாத இடம் வெறுமையாக இருக்கும். ரிஸ்வானாவுடையதைக் குட்டையோடு வைத்தோம். அங்கங்கே ஓட்டை.

என்னுடையதை வைத்தோம். நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம். திரையை இழுத்துக்கொண்டே போனேன், கடைசி வரைக்கும் ஓர் ஓட்டைகூட இல்லை. என்னிடம் ஓர் எழுத்து மற்றவர்களிடம் அதிகம் இல்லாத மாதிரி மாறியிருக்கிறது. அதுவும் அப்படியே குட்டையில் இருக்கிறது.

"பார்த்தியா, உன்னுதுதான். இனிமே ஒழுங்கா எடு" என்று சொல்லிவிட்டு மேடம் வகுப்புக்குப் போய்விட்டார்.

மார்ச் 2, திங்கள்

ரிஸ்வானா தனியாக எடுத்த சாம்பிளிலும் நான்தான் இருக்கிறேன். முன்னைவிட அதிகமாக இருக்கிறேன்.

"ஏய், நீ பேயாடி?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே அந்தப் பச்சைத் தண்ணீருக்குள்ளும் இருக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு. கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "நெறை, இது உன்னுதுன்னுதான் அர்த்தம்னு இல்ல. உங்க அம்மா வழில யாருக்கு வேணா இதே வரிசைதான இருக்கும். உங்க வீட்ல யாராச்சும்..."

"எனக்குப் பாடம் நடத்தாத" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். டீ நன்றாகத்தான் இருந்தது. குடிக்க முடியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவிடம் பேசினேன். "அவன் என்ன பை எடுத்துட்டுப் போனான்?" என்று கேட்டேன்.

"நீலப் பைதான். நீ காலேஜ் சேந்தப்ப வாங்கினோமே, அது. ஏன்டி?"

சும்மா கேட்டேன் என்றேன்.

மார்ச் 4, புதன்

நான் பெண். என் எச்சிலோ தலைமுடியோ அந்தத் தண்ணீரில் கலந்திருந்தால் அதில் ஆணின் அடையாளம் இருக்கக் கூடாது. ஆண்களிடம் மட்டும் இருக்கிற ஒரு துண்டைப் பிடிக்க ப்ரைமர் வேண்டும். ப்ரைமர் தளத்தைத் திறந்தேன். அது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் போட்டேன், தேடு என்று அழுத்தினேன், உடனே கொடுத்துவிட்டது. அவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டாம்.

லேப் சீனியர் ஒருவர் முன்பு எதற்கோ வாங்கிய ஆண் ப்ரைமர் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. தளம் கொடுத்த வரிசையோடு சரிபார்த்தேன். அதேதான். மேடத்திடம், கன்டாமினேஷனை உறுதிப்படுத்தத்தான் என்று சொன்னேன். நல்ல யோசனை என்றார்.

மார்ச் 5, வியாழன்

டி.என்.ஏ.வை ஓட்டிய ஜெல் கட்டியை நீல விளக்கில் வைத்தோம், ஆணின் துண்டு இருந்தால் கோடாகத் தெரியும். முதல் குழியில் என் எச்சில், ஒன்றுமில்லை. அடுத்தது லேப் உதவியாளர் இருதயராஜ் அண்ணனுடையது, ஒரு கோடு. அடுத்தது வெறும் தண்ணீர், ஒன்றுமில்லை.

அடுத்தது மூன்றாம் இடம். இருதயராஜ் அண்ணனுடையதைவிடப் பளிச்சென்று ஒரு கோடு.

மேடம் விளக்கை அணைத்துவிட்டு, "உங்க வீட்ல யாரைக் காணோம்மா?" என்று கேட்டார். அண்ணன் ஓசூரில் இருக்கிறான் என்று சொன்னேன். ஓசூரில்தான் இருக்கிறான், சிம் மாற்றிவிட்டான், திமிர் பிடித்தவன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரிஸ்வானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோதுதான் நான் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

மார்ச் 6, வெள்ளி

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். "ஏம்மா, தண்ணி வந்து உங்ககிட்ட சொல்லுச்சா?"

மேடம் மேசையில் தாள்களை வைத்தார். "சார், அந்தத் தண்ணிக்குள்ள ஒரு ஆம்பள இருக்கார். அவர் இவளுக்கு அம்மா வழில ரத்த உறவு. இவ அண்ணனை ஒரு மாசமா காணோம். அவன் பை அங்க காவக் கொட்டகைல கெடக்கு. இதுக்கு மேல நான் என்ன படம் வரைஞ்சு காட்டணும்?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். நாளைக்குத் தீயணைப்புத் துறையிலிருந்து ஆள் வருகிறார்கள்.

அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அந்தக் கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதாடி?" என்றாள்.

"பண்ணும்மா" என்றேன். "நெறைய தடவ பண்ணியிருக்கு."

மார்ச் 7, சனி

கிரேனின் கம்பி வடத்தில் கால் மாட்டியிருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பாவால் கையெழுத்துப் போட முடியவில்லை, பேனா வழுக்கிக்கொண்டே இருந்தது. தலையில் வேரெல்லாம் வெள்ளை தெரிகிறது. அவர் அன்றைக்குச் சொன்னது நிஜம். அவர் எடுக்கவே இல்லை.

அம்மா இந்த இரண்டு நாளாக ஒன்றையேதான் கேட்கிறாள். "ஓசூரு பஸ்ஸுக்குத்தான கெளம்புனான்? அங்க எதுக்குடி போனான்?" பக்கத்து வீட்டில், சித்தியிடம், சுவரைப் பார்த்தெல்லாம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் கவரை மேசையில் வைத்தார். உள்ளே என் பாட்டில். அண்ணன் அதைக் கயிற்றால் இடுப்பில் கட்டியிருந்தானாம். மூடி இறுக்கமாக இருந்தது. மூடி வரைக்கும் தண்ணீர், ஒரு குமிழ்கூட இல்லை. மேலே பேனாவால் கோணல் எழுத்தில் 'நெறை – 3' என்று எழுதி, எழுத்து அழியாமல் இருக்க டேப் ஒட்டியிருக்கிறான்.

"இத ஏதோ மருந்துன்னு நெனச்சோம்" என்றார் அவர். "இன்னொரு விஷயமும் எங்களுக்குப் புரியல. நீந்தப் போறவன் ரெண்டு கையிலயும் எதுக்கும்மா க்ளவுஸ் மாட்டிட்டுப் போனான்?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி கெட்டுடக் கூடாதுன்னு, சார்" என்றேன்.